சிரிப்பு ஷாட்

செத்துப்போவது சுலபம், செத்துக் கிடப்பதுதான் பெரும்பாடு என்று பெஞ்சில் மல்லாந்து கிடந்த திலகா நினைத்துக்கொண்டாள். செத்தது நேற்றே முடிந்துவிட்டது. மாடிப்படியில் எண்ணெய் ஊற்றி வைத்த மருமகளின் புண்ணியத்தில், மூன்று வருஷமாக மத்தியான சீரியலில் ஒரு குடும்பத்தையே கட்டி மேய்த்த பெரியம்மா ஒரே டேக்கில் உருண்டு விழுந்து உயிரை விட்டாள். கிடக்கிற வேலைதான் காலையிலிருந்து நடக்கிறது. மூக்கில் பஞ்சு. கழுத்தில் ரோஜா மாலை, அதில் எறும்பு. நெற்றி நிறையக் குங்குமம், வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்குகிறது. தாடைக்கட்டு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சி விலக்கு வாங்கியிருந்தாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்த பையனிடம், "முடிச்சு போடாதேப்பா, சும்மா சுத்தி வை" என்றதற்கு அவன் ஷூ லேஸ் மாதிரி பூமுடிச்சுப் போட்டுவிட்டு, "பயப்படாதீங்க மேடம், கடைசியில சிரிப்பு ஷாட் எடுத்துட்டாப் போச்சு" என்றான். இந்தத் தொழிலில் பிணமாகப் படுத்தவர்களை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். கேமராவை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, கண்ணைத் திறந்து ஒரு சிரிப்பு சிரிக்கச் சொல்லி எடுப்பார்கள். அது எந்த எபிசோடிலும் வராது. சாமிக்கோ எமனுக்கோ, யாருக்குக் காட்டுவதற்கோ தெரியாது. சிரிக்காமல் எழுந்தால் ஆகாது என்பார்கள், அவ்வளவுதான். திலகா இதுவரை ஏழெட்டுத் தடவை செத்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். மூச்சை நெஞ்சில் விடாமல் அடிவயிற்றில் விடவேண்டும், அதுவும் மாலைக்குக் கீழே. இமைக்குள் கருவிழியை உருட்டக்கூடாது. இதெல்லாம் யாரும் கைதட்டாத வித்தைகள். பிணம் நன்றாக நடித்தது என்று எந்த ஊரில் யார் சொன்னார்கள்? கைதட்டல் எல்லாம் அழுகிறவர்களுக்குத்தான். அழுகிற குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

குழந்தை வந்துகொண்டிருந்தது. மூடிய கண்ணுக்கு வெளியே சின்னச் செருப்புகளின் சத்தம் கேட்டது. ஷன்விகா, ஆறு வயது, சீரியலில் இந்தப் பெரியம்மா எடுத்து வளர்த்த பெண். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வாசலில் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து, பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பெஞ்சில் ஏறிப் பிணத்தின் மேல் படுத்து அழவேண்டும். வாசலில் ஆரம்பிக்கிற கேமரா ஒரே ஓட்டமாகக் கூடவே வந்து குழந்தையின் முகத்தில் நிற்கும். நடுவில் வெட்டக்கூடாது என்பது டைரக்டர் குமரகுருவின் ஆசை. கெட்ட ஆசை என்று சொல்லமுடியாது, இந்த சீரியலில் அவன் ஆசைப்பட்டுச் செய்கிற ஒரே ஷாட் இதுதான். "ஷன்வி, ரெடியா? இந்தத் தடவை கண்ணுல தண்ணி வரணும். வாயைத் திறந்து கத்துனா மட்டும் பத்தாது. குரலை டப்பிங்ல பாத்துக்கலாம், எனக்குக் கண்ணுதான் வேணும்." எனக்குக் கண்ணுதான் வேணும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு டைரக்டரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். திலகா அதை நினைக்கவேண்டாம் என்று எறும்பை நினைத்தாள். எறும்பு காதோரம் வந்து நின்றது. காலையில் அந்தக் குழந்தை கேட்டதற்கு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எதையாவது. சோகமான கதையை நினைச்சுக்கோ என்றிருக்கலாம். வெங்காயம் என்றிருக்கலாம்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். கிளிசரின் போட்டு நேற்று குழந்தைக்குக் கண் வீங்கிவிட்டது, இனிமேல் போடக்கூடாது என்று அதன் அம்மா சொல்லிவிட்டாள். அசிஸ்டெண்ட் டைரக்டர் தினா சும்மா இருக்கமாட்டாமல், "அழுகைக்கு யுனிவர்சிட்டியே இங்க உக்காந்திருக்கே, திலகாம்மாகிட்ட கேளு" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தான். கூடவே போனில் அந்தப் பழைய படத்துண்டை வேறு போட்டுக் காட்டினான். எல்லோர் போனிலும் இருக்கிற துண்டு. கிராப்பு வெட்டிய பையன் ஒருவன் ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கிறான். அம்மாவை ஏற்றிக்கொண்ட ரயில் நகர்கிறது. பையனின் உதடு துடிக்கிறது, தாடை நடுங்குகிறது, கண் நிறைந்து வழிகிறது, ஆனால் வாயைத் திறந்து அழமாட்டேன் என்கிறான். கடைசிப் பெட்டி போன பிறகுதான் 'அம்மா' என்கிறான். "இது நீங்களா?" என்று ஷன்விகா நம்பாமல் கேட்டது. "நான்தான். பொம்பளப் பிள்ளைங்களுக்கு கிராப்பு வெட்டிப் பையனா நடிக்க வைப்பாங்க அப்ப." பேபி திலகா என்று டைட்டிலில் போட்டார்கள். நடிகர் சங்கத்து அட்டையில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஐம்பத்தேழு வயது பேபி, மூட்டுவலிக்குத் தைலம் தடவுகிற பேபி. "எப்படி பெரியம்மா இவ்ளோ தண்ணி வந்துச்சு கண்ணுல?" கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. எத்தனை பேட்டியில் சொன்ன பதில்! "ஷாட்டுக்கு முன்னாடி வயிறு நிறையத் தண்ணி குடிச்சிடுவேன் கண்ணு. அது அப்படியே கண்ணு வழியா வந்துடும்." எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். குழந்தை சிரிக்கவில்லை. குழந்தைகள் இந்த மாதிரி விஷயத்தில் சிரிப்பதில்லை. ஒரு பெரிய பாட்டிலை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, தொண்டையில் மடக் மடக்கென்று சத்தம் வர முழுசும் குடித்தது. பிறகு இன்னொன்று கேட்டது. திலகா பார்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய் இல்லாமலா போயிற்று?

"ஆக்‌ஷன்!" பை விழுந்தது. ஓட்டம். பெஞ்ச் ஆடியது. முழங்கால் ஒன்று விலாவில் இடித்தது, சின்ன உடம்பு முழுசாக மேலே கவிழ்ந்தது. "பெரியம்மா! எழுந்திரு பெரியம்மா!" கன்னம் கன்னத்தில் உரசியது. காய்ந்த கன்னம். சுற்றி ஒப்பாரி. மைக் போட்டு எடுக்காத ஷாட் என்பதால் குமரகுரு நடுவிலேயே கத்துகிறான்: "அழு ஷன்வி, அழு, முகத்தைத் திருப்பு, கேமராவுக்குக் காட்டு." முகத்தைத் திருப்புகிற சாக்கில் குழந்தை காதோடு வாயை வைத்தது. "பெரியம்மா, எனக்கு உச்சா வருது." பிணம் என்ன செய்யும்? "கட்! ஒன் மோர். கண்ணு வரலியே ஷன்வி." இறங்கிப் போகும்போது குழந்தை யாரிடமோ அதையே சொல்வது கேட்டது. யாரோ ஒருத்தி சமாதானம் சொன்னாள்: "இன்னும் ஒரே ஷாட்டுடா செல்லம், ஓடி வந்ததும் போயிடலாம், பாத்ரூம் அந்தக் கோடியில இருக்கு, கேமராக்காரர் திட்டுவாரு." அதன் அம்மாவின் குரல் தூரத்தில், "கொஞ்சம் அடக்கிக்கோ தங்கம், நல்ல பொண்ணுல்ல."  இப்போது கண்ணைத் திறந்து, "யாருப்பா அங்க, குழந்தையை முதல்ல பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். ஆனால் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். காதில் சொன்னாள் என்பேன். சரி, அதிலென்ன வெட்கம்? வெட்கம் அதில் இல்லை. பாட்டில் பாட்டிலாகக் குடிக்கச் சொன்னது யார் என்று தினா கேட்பான். தமாஷாகத்தான் கேட்பான். "உங்க டெக்னிக்தான் மேடம் வேலை செய்யுது" என்பான். அந்த டெக்னிக் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரும். மேனேஜர் வேறு மானிட்டர் பக்கம் நிற்கிறார். அடுத்த சீரியலில் ஹீரோவின் அம்மா வேஷம் உங்களுக்குத்தான் என்று நேற்றுத்தான் சொன்னார். செத்தபடி சும்மா கிடக்கவே தெரியாத கிழவி, ஷாட்டுக்கு நடுவே பேசுகிறாள் என்று பேர் எடுக்கவா? இன்னும் ஒரு ஷாட்தானே. பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள். அடக்கிக்கொள்வார்களாம்! யார் சொல்கிறது பார்.

அன்றைக்கு, ரயில் நமக்காகக் காத்திருக்காது என்றார்கள். வாடகைக்கு எடுத்த ரயில் இல்லை அது, நிஜ ரயில், நிஜ ஜனங்கள் ஏறி இறங்குகிற ஸ்டேஷன். வரும், நிற்கும், போய்விடும், ஒரே தடவைதான். திலகா அரை டிராயரும் கட்டம் போட்ட சட்டையுமாக நின்றாள். வெயிலுக்கு யாரோ கலர் சோடா வாங்கிக் கொடுத்திருந்தார்கள், அப்புறம் இன்னொரு கலர், குழந்தை நட்சத்திரம் கேட்டால் யார் இல்லை என்பார்கள். அம்மாவிடம் ஒண்ணுக்கு வருது என்றாள். அம்மா டைரக்டரைப் பார்த்தாள். டைரக்டர் சிக்னலைப் பார்த்தார். கைகாட்டி இறங்கியாகிவிட்டது. "ரயில் போனதும் போலாம்மா, நல்ல குழந்தைல்ல. எனக்கு உன் கண்ணுதான் வேணும்." ரயில் வந்து நின்று, கிளம்பியது. புகை, சத்தம், பிளாட்பாரமே நடுங்கியது, உள்ளங்கால் வழியாக அந்த நடுக்கம் ஏறி அடிவயிற்றுக்கு வந்தது. தொடையை இறுக்கினாள். உதட்டைக் கடித்தாள். அதுதான் அந்த உதடு. தாடை நடுங்கியது. அதுதான் அந்தத் தாடை. இன்றைக்கும் சினிமாப் பள்ளிக்கூடத்தில் போட்டுக்காட்டிப் பாடம் நடத்துகிறார்களாமே, ஒரு சிறுவன் துக்கத்தை எப்படி விழுங்குகிறான் என்று. விழுங்கினாள், விழுங்கினாள், ரயில் முடிகிறதாக இல்லை. நடுவில் ஒரு பெட்டியின் ஜன்னலோரம் அவள் வயசுப் பையன் ஒருவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். அவன் அவளைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். பிறகு கையை நீட்டிச் சிரித்தான். சூடாக இரண்டு காலிலும் இறங்கி, சாக்ஸுக்குள் போய் நிறைந்தது. அப்போதுதான் கண் நிறைந்தது. கடைசிப் பெட்டி போனதும் அம்மா என்று சொன்னது, படத்தில் வரும் பாலு என்கிற பையன் ரயிலில் போகிற தாயைக் கூப்பிட்டது இல்லை. திலகா, கேமராவுக்குப் பின்னால் நின்ற தன் அம்மாவை, வந்து என்னை மறைச்சுக்கோ என்று கூப்பிட்டது. அம்மா வரவில்லை. ஷாட் ஓடிக்கொண்டிருந்ததே, எப்படி வருவாள்? கட் என்றதும் ஸ்டேஷனே கைதட்டியது. டைரக்டர் ஓடிவந்து வாரித் தூக்கினார். தூக்கியவர் கை நனைந்ததும் அப்படியே தள்ளிப் பிடித்து, யாரிடமாவது கொடுக்கலாமா என்று அக்கம்பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஃப்ரேம்ல இல்லை, கவலைப்படாதீங்க, இடுப்புக்குக் கீழே ஃப்ரேம்ல இல்லை" என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்.

"கட்! ஒன் மோர்!" எப்போது ஆக்‌ஷன் சொன்னான், எப்போது குழந்தை மேலே வந்து விழுந்தது? இரண்டாவதா இது, மூன்றாவதா? இந்தத் தடவை காதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தாயிற்று, பிணம் கேட்கவில்லை. மாலையைப் பிடித்த விரல்கள் மட்டும் இறுகி இறுகித் தளர்ந்தன. "சார், இப்ப முகத்துல என்னமோ வருது சார்," என்று தினா சொன்னான். "ஆமாடா. உதட்டைக் கடிக்குது பாரு. யாரு சொல்லிக் குடுத்தா? விடாதே, சூட்டோட போலாம்." திலகாவின் காது மடல்கள் எரிந்தன. செத்தவளுக்குக் காது சிவக்குமா? மேக்கப் இருக்கிறது, தெரியாது. அந்தப் படத்தில் எனக்கென்று என்ன இருந்தது என்று அவள் எத்தனையோ நாள் கணக்குப் பார்த்திருக்கிறாள். பேர் பாலு. கிராப்பு, டிராயர், ஆண் பிள்ளை. குரல் வேறு யாரோ ஒரு அம்மாளுடையது, டப்பிங்கில் அவர்தான் அழுதார். முகம் மட்டும் திலகாவுடையது, அந்த முகமும் எதற்காக அப்படிப் போனது என்று உலகத்துக்குத் தெரியாது. முழுக்க முழுக்க அவளுடையது என்று சொல்ல அந்த ஈர டிராயர் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் ஃப்ரேமுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அம்மா அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டாள். ஷூட்டிங் நாளில் தண்ணீர் கிடையாது. நாக்கை நனைத்துக்கொள்ள ஒரு வாய், பேக்கப் ஆனதும் எவ்வளவு வேண்டுமானாலும். கெட்ட அம்மா இல்லை. மானத்தைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் போகவில்லை. இன்றைக்கும் திலகா காலையில் ஒரு வாய் காப்பி குடித்ததோடு சரி. சிறுநீரகத்தில் கல் வந்து டாக்டர் திட்டியும் கேட்கவில்லை. தன் வாய்க்கு ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ளப் பயப்படுகிறவள், ஊரார் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் பாட்டில் பாட்டிலாக ஊற்றி வேடிக்கை பார்த்திருக்கிறாள். எதற்கு? நாலு பேர் எதிரில் ஒரு பழைய பொய் அழகாக ஒலிப்பதற்கு. தூ என்று இருந்தது அவளுக்கு, அவளையே.

இப்போது சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தாள். நிஜமாகவே முடிவு செய்தாள். இந்த ஒப்பாரிக்காரிகள் தொண்டையைச் செருமிக்கொண்டு வரிசையில் நிற்கட்டும், அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிடலாம். உதட்டைப் பிரித்தாள். "சைலன்ஸ்! மேடம், வாய் லேசாத் திறந்திருக்கு, மூடிக்குங்க." மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், மூடிக்கொண்டுவிட்டாள். ஐம்பது வருஷமாக யாராவது சைலன்ஸ் என்றால் மூடிப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே மூடிக்கொண்டது. ஆக்‌ஷன் என்றான். பை விழுந்தது. செருப்புச் சத்தம் ஓட்டமாக இல்லை இந்தத் தடவை. முழங்காலை ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக வந்தது. "ஆஹா, நடையைப் பாருடா, துக்கத்துல கால் பின்னுது," என்றான் குமரகுரு. ஐயோ பாவி. பெஞ்சில் ஏற ஒரு காலைத் தூக்க வேண்டுமே, தூக்கினால் தாங்காதே என்று திலகா நினைக்கும்போதே அது காலைத் தூக்கிவிட்டது. மேலே வந்து கவிழ்ந்தது. பெரியம்மா என்றது. எழுந்திரு என்று சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டது. இடுப்புப் பக்கம் பட்டுப்புடவையில் முதலில் லேசாக, பிறகு நிற்காமல், சூடு பரவியது. கூடவே கன்னத்தில் இன்னொரு சூடு. நிஜக் கண்ணீர், சொட்டுச் சொட்டாக. குழந்தை சத்தமே போடாமல் விசும்பியது. திலகாவுக்கு அந்த விசும்பல் ஒவ்வொன்றும் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று தெரிந்திருந்தது. அவள் அசையவில்லை. குமரகுரு மெல்ல, பயபக்தியோடு, "கட்" என்றான்.  அப்புறம் கூடமே கைதட்டியது. ஒப்பாரிக்காரிகளில் ஒருத்தி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள்.

குழந்தை எழவில்லை. எழமுடியாது என்பது திலகாவுக்குத் தெரியும். எழுந்தால் தெரிந்துவிடும். நீல யூனிஃபார்மில் தெரியாமல் போனாலும் பெஞ்சில் விரித்த வெள்ளைத் துணியில் தெரியும். "ஷன்வி, சூப்பர்டா! எழுந்திரு, சாக்லேட் தரேன்," என்று தினா நெருங்கி வந்தான். வந்தவன் நின்றான். "சார், பெஞ்சுக்குக் கீழ என்னமோ சொட்டுது." குரல் மாறியது. "ஏய், யாரு…" மாலையைப் பிடித்திருந்த விரல்கள் அவள் கழுத்துத் தோலைச் சேர்த்து இறுக்கின. ஐம்பது ஜோடிக் கண் திரும்புகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. திலகா கண்ணைத் திறந்தாள்.

"நான்தான்," என்றாள்.

பக்கத்தில் நின்றவள் வீல் என்று கத்தி ஒரு அடி பின்வாங்கினாள். விளக்கு கண்ணைக் குத்தியது. மூக்கில் பஞ்சோடு குரல் கொணகொணவென்று வந்தது, ஆனாலும் அது அவளுடைய குரல்தான், டப்பிங் இல்லை. "நான்தான்ப்பா. காலையிலேர்ந்து மல்லாக்கக் கிடக்கேன், வயசாயிடுச்சு, அடக்க முடியலை. பாவம், குழந்தை மேலயும் பட்டுடுச்சு. அவங்க அம்மாவை வரச்சொல்லி மாத்தி விடுங்க."  யாரோ ஒருத்தன் சிரிப்பை இருமலாக்கினான். ஒரு பெண்பிள்ளை, "ஐயோ பாவம், சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள். தினா போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். மானிட்டர் பக்கம் நின்ற மேனேஜர் குமரகுருவின் காதில் ஏதோ சொன்னார். ஹீரோவின் அம்மா வேஷம் அந்தக் காது வழியாக இறங்கிப் போவதை அவள் பார்த்தாள். உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நாக்கு வறண்டு கிடக்க, சபை நடுவே நனைந்தவளாகக் கிடந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய்தானே, நாம் செய்யவில்லையே என்றெல்லாம் அது விட்டு வைக்கவில்லை. மனசுக்குள் அதே ஜன்னலோரப் பையன் வாழைப்பழத்தோடு கையை நீட்டினான். இந்தத் தடவை அவள் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

ஷன்விகாவின் அம்மா துண்டோடு ஓடிவந்து, "சாரி மேடம், பரவாயில்ல மேடம்," என்று எதற்கு என்றே தெரியாமல் சொன்னபடி குழந்தையைத் தூக்கப்போனாள். குழந்தை இறங்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு திலகாவின் முகத்தையே பார்த்தது. கண்ணீர் காயாத முகம். அதில் ஏதேதோ மாறியது. பிறகு காதில் வாயை வைத்து, ஆனால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "பரவால்ல பெரியம்மா. அழாதீங்க. எல்லாருக்கும் ஆகும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றது. அதன் முகத்தில் அத்தனை பரிவு, அத்தனை பெரிய மனுஷத்தனம். காலையிலிருந்து யார் கத்தியும் வராத நடிப்பு, கேமரா நின்ற பிறகு வந்துவிட்டது. நனைந்தது உண்மையில் தான்தானோ என்று திலகாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. "சரி கண்ணு. சொல்லிடாதே," என்றாள். குழந்தை தலையாட்டிவிட்டு அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டது.

குமரகுரு கையைப் பிசைந்துகொண்டு வந்தான். நல்ல பையன்தான், அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் மாலையைப் பார்த்துப் பேசினான். "மேடம், அந்தச் சிரிப்பு ஷாட்… சென்டிமெண்ட்… நீங்க போய்ப் புடவை மாத்திட்டு வந்து வேணா…"

"எழுந்துட்டா அப்புறம் சிரிச்சு என்ன பிரயோஜனம்? இப்படியே எடுப்பா," என்றாள் திலகா. "இடுப்புக்குக் கீழதானே. ஃப்ரேம்ல வராது."

கேமரா முகத்துக்கு வந்தது. தண்ணி கேட்டாள். யாரோ பாட்டிலைக் கொடுக்க, பஞ்சை எடுத்துப்போட்டு, தலையைத் தூக்கி, எல்லோரும் பார்க்கப் பாதி பாட்டில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுத்துக் கண்ணை மூடினாள். ஆக்‌ஷன் என்றதும் திறந்து, சிரித்தாள். ஒரே டேக்.